பார்க்காத மணிக்குப் போடும் கையெழுத்து

பேச்சு சிகிச்சை படிக்கும் மாணவர் நோயாளியுடன் செலவிட்ட ஒவ்வொரு மணியையும் லாக் புக்கில் எழுதவேண்டும். தேதி, நோயாளியின் வயது, என்ன கோளாறு, என்ன பயிற்சி கொடுத்தார், எத்தனை நிமிடம். கடைசிக் கட்டம் மேற்பார்வையாளரின் கையெழுத்துக்கு. இந்தத் தொழிலின் நாணயம் முழுவதும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது. அருகே இருந்து பார்த்துவிட்டுப் போட்டால் அது சான்று. மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டி வரிசையாகப் போட்டுத் தள்ளினால் அது பொய்ச் சான்று. இரண்டாவது வகைக் கையெழுத்தும் நம் நாட்டில் தாராளமாகப் புழங்குகிறது. துறையில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்; வெளியில் யாரும் வாய் திறப்பதில்லை.

இதை நிர்வாகக் குறைபாடு என்று மென்மையாகச் சொல்ல நாம் தயாராக இல்லை. இது ஒழுக்கக்கேடு. ஊசியைத் தவறாகப் போட்டால் நோயாளி அலறுவார். பல்லைத் தவறாகப் பிடுங்கினால் மறுநாள் காலையில் வந்து வாசலில் நின்று சண்டை போடுவார். பேச்சு சிகிச்சைக்கு வருகிறவர்கள் யார்? மூன்று வயதாகியும் அம்மாவைக் கூப்பிடாத குழந்தை. பக்கவாதத்துக்குப் பிறகு மனைவியின் பெயர் நாக்கில் வராமல் தவிக்கிற பெரியவர். புற்றுநோய்க்குக் குரல்வளையைக் கொடுத்துவிட்டு வந்தவர். தங்களுக்கு நடக்கிற சிகிச்சை சரியில்லை என்று சொல்லும் திறனைத் தேடித்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள். புகார் சொல்ல முடியாதவரை ஏமாற்றுவது, ஏமாற்றுகளிலேயே இழிவானது.

இந்தத் துறைக்கு வருவதற்கான வழி இதுதான். பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்கள் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பட்டப்படிப்பில் சேர்கிறார்கள். 4 ஆண்டு. முதல் 6 செமஸ்டர் வகுப்பும் கிளினிக்குமாகப் போகும். கடைசி ஓராண்டு முழுக்க இன்டர்ன்ஷிப். படிப்பை அங்கீகரிப்பது 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ. பட்டம் கிடைத்தபின் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏறும்; சி.ஆர்.ஆர். எண் கிடைக்கும். அந்த எண் கைக்கு வந்த மறுநாளே அவர் தனியாக போர்டு மாட்டிக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கலாம். அமெரிக்காவில் முதுகலை முடிக்காமல் இந்தத் தொழிலைத் தனித்துச் செய்ய முடியாது. இங்கே இளங்கலை போதும். நம் நாட்டின் தேவையையும் ஆள் பற்றாக்குறையையும் பார்த்தால் அப்படி வைத்ததைத் தவறென்று சொல்லமாட்டோம். ஆனால் அப்படி வைத்த காரணத்தாலேயே அந்த ஓராண்டு இன்டர்ன்ஷிப் இரண்டு மடங்கு கவனத்துக்கு உரியது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் தவற்றைத் திருத்த யாரும் அருகில் இருக்கப்போவதில்லை.

அருகில் இருப்பது என்றால் என்ன? ஒரு கட்டிலைப் பார்ப்போம். பேச்சு சிகிச்சையாளர் விழுங்குதலையும் சோதிக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. பக்கவாதம் வந்து, மூக்கில் ரைல்ஸ் டியூப் போட்டுக் கிடப்பவருக்கு இனி வாய்வழியாக உணவு கொடுக்கலாமா என்று முடிவு செய்ய அவரைத்தான் அழைப்பார்கள். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, அவர் கழுத்தின்மேல் நான்கு விரல்களை மெல்லப் பதிக்கவேண்டும். ஆள்காட்டி விரல் தாடைக்கு அடியில். நடுவிரல் நாவடி எலும்பின் மேல். மோதிரவிரலும் சுண்டுவிரலும் குரல்வளைக் குருத்தெலும்பின் மேலும் கீழும். பிறகு ஸ்பூனில் கொஞ்சம் தண்ணீர். விழுங்கச் சொன்ன கணத்துக்கும் குரல்வளை மேலே எழும்பும் கணத்துக்கும் நடுவே எவ்வளவு தாமதம், முழுக்க எழும்புகிறதா, பாதியில் நின்று இறங்குகிறதா என்று விரல்களுக்குத் தெரியவேண்டும். முடிந்ததும் ‘ஆ’ என்று சொல்லச் சொல்லிக் காது கொடுக்கவேண்டும். குரல் களகளவென்று ஈரமாக ஒலித்தால் தண்ணீர் குரல்நாண்களின் மேல் நிற்கிறது என்று பொருள்.

புரையேறி இருமினால் எவருக்கும் தெரியும். இருமலே வராமல் நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு. அங்கேதான் உயிர் போகிறது. பழகாத இன்டர்ன் ஸ்பூனைப் பார்க்கிறார், இருமவில்லை, வாய்வழி உணவு தரலாம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறார். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், பிறகு நிமோனியா. வயதானவர், பக்கவாத நோயாளி, நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது என்று குடும்பம் தன்னைத் தேற்றிக்கொள்ளும். யார் மேலும் வழக்கு வராது. பழகியவர் ஸ்பூனைப் பார்ப்பதில்லை, கழுத்தைப் பார்க்கிறார். இந்தப் பார்வையைப் புத்தகம் தராது. இன்டர்னின் விரல்களை எடுக்கச் சொல்லிவிட்டு, அதே கழுத்தில் தன் விரல்களை வைத்து, ‘இப்போது கவனி’ என்று சொல்லும் மூத்தவர்தான் தரமுடியும். அவர் அந்த நேரத்தில் வேறொரு அறையில் இருந்துவிட்டு மாலையில் கையெழுத்துப் போட்டால், அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது தப்பைத்தான். அதை அடுத்த 30 ஆண்டுகள் செய்துகொண்டிருக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் கெடுதல் இன்னும் சத்தமில்லாமல் நடக்கும். ஆட்டிசம் உள்ள நான்கு வயதுப் பையன். எதிரே படக் கார்டுகளுடன் இன்டர்ன். இது என்ன? பூனை. இது என்ன? பஸ். பத்தில் ஒன்பது சரி. லாக் புக்கில் 90 சதவீதம். அம்மாவுக்கும் மகிழ்ச்சி. அந்த முக்கால் மணி நேரத்தில் பையன் தானாக ஒன்றும் கேட்கவில்லை, ஒரு பொம்மையைக்கூடக் காட்டிக் கொடுக்கச் சொல்லவில்லை, யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பேச்சு என்பது கேள்விக்குப் பதில் ஒப்பிப்பது என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தாகிவிட்டது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சூப்பர்வைசர் பத்து நிமிடம் நின்றிருந்தால் உள்ளே வந்து கார்டுகளை எடுத்துவைத்துவிட்டு, பையனுக்குப் பிடித்த பஸ் பொம்மையைக் கைக்கு எட்டாத ஷெல்ஃபில் வைத்து, அவன் கேட்கும்வரை காத்திருக்கச் சொல்லியிருப்பார்.

மொழியறிவும் இப்படித்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் குழந்தை ‘வாளப்பளம்’ என்றால் அது அந்த ஊர்ப் பேச்சு. அதன் அப்பாவும் தாத்தாவும் அப்படித்தான் சொல்வார்கள். அதை உச்சரிப்புக் கோளாறு என்று எழுதி வாரம் இரண்டு நாள் ழகரப் பயிற்சிக்கு வரச் சொன்னால், குழந்தைக்கு இல்லாத நோயைக் கொடுத்ததாகும். ஆங்கிலப் பாடநூலின் வயது அட்டவணையை வைத்துக்கொண்டு தமிழ்க் குழந்தையின் நாக்கை அளக்கக் கூடாது என்று இன்டர்னுக்குச் சொல்ல, தமிழ்க் குழந்தைகளை வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய ஒரு காது அந்த அறையில் வேண்டும்.

இல்லாத கோளாறை இருப்பதாகச் சொல்வது என்ன செய்யும் என்பதை இந்தத் துறை தன் வரலாற்றிலிருந்தே அறியும். 1939ஆம் ஆண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் அப்போது பேச்சுக் கோளாறு ஆய்வின் தலைமையிடம். அமெரிக்கப் பேச்சு சிகிச்சையாளர் சங்கத்துக்கு 1925இல் வித்திட்டதும் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர்தான். அங்கே திக்குவாய் குறித்து ஆராய்ந்துகொண்டிருந்தவர் வெண்டல் ஜான்சன். அவரும் திக்குவாயால் அவதிப்பட்டவர். திக்கு என்று பெரியவர்கள் பெயர் சூட்டுவதால்தான் குழந்தை திக்கத் தொடங்குகிறது என்பது அவர் எண்ணம். அதைச் சோதிக்க மேரி ட்யூடர் என்ற தம் முதுகலை மாணவியை டேவன்போர்ட் நகரின் அனாதை இல்லத்துக்கு அனுப்பினார். 22 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த 6 பேரிடம் அந்த மாணவி, உன் பேச்சு சரியில்லை, திக்கத் தொடங்கிவிட்டாய், சரியாகச் சொல்ல முடியாவிட்டால் பேசாதே என்று மாதக்கணக்கில் சொன்னார். குழந்தைகள் பேசத் தயங்கினார்கள், வாயைப் பொத்திக்கொண்டார்கள், வகுப்பில் பதில் சொல்ல மறுத்தார்கள். அவர்கள் உண்மையில் திக்குவாயர்களாகவே ஆனார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே பின்னாளில் கருத்து வேறுபாடு வந்தது. பேச்சுக்கு அஞ்சிப் போனார்கள் என்பதில் ஐயமில்லை. அந்த மாணவியின் ஆய்வேட்டிலேயே அது பதிவாகியிருக்கிறது. செய்தது தவறு என்று உணர்ந்து ட்யூடர் பிறகு அந்த இல்லத்துக்குத் திரும்பிப் போய்க் குழந்தைகளைச் சரிசெய்ய முயன்றார். பயனில்லை. 2001இல் ஒரு நாளிதழ் இதை வெளியே கொண்டுவந்த பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அயோவா மாநிலம் பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் நடந்த வழக்கை 9,25,000 டாலர் கொடுத்து முடித்தது. 68 ஆண்டுகள் கழித்து.

இதை ஆய்வு நெறி பற்றிய பாடமாகவே எல்லோரும் சொல்கிறார்கள். நாம் இதில் இன்னொன்றையும் பார்க்கிறோம். அந்த அறையில் குழந்தைகளின் முன் உட்கார்ந்திருந்தது ஒரு மாணவி. திட்டம் பேராசிரியருடையது, அவர் இருந்தது வேறொரு ஊரில். குழந்தையின் முகம் வாடுவதை அன்றன்று பார்த்தவருக்கு நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் பார்க்கவில்லை. மேற்பார்வையில்லாத இன்டர்ன்ஷிப் என்பதன் எலும்புக்கூடு இதுதான்; கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை.

அமெரிக்கர்கள் பிறகு எண்களால் வேலி போட்டார்கள். படிக்கும் காலத்தில் 400 மணி நேரக் கிளினிக்கல் பயிற்சி: அதில் 25 மணி பிறர் செய்வதைப் பார்ப்பது, 375 மணி தானே நோயாளியுடன் இருப்பது. மாணவர் ஒவ்வொரு நோயாளியுடனும் செலவிடும் நேரத்தில் கால்பங்குக்குக் குறையாமல் மேற்பார்வையாளர் அந்த நேரத்திலேயே நேரடியாகப் பார்த்திருக்கவேண்டும். எல்லா நோயாளிகளையும் சேர்த்துச் சராசரி காட்டித் தப்பிக்க முடியாது. முதுகலை முடித்தபின் இன்னொரு கட்டம்: 36 வாரம், 1,260 மணிக்குக் குறையாத மேற்பார்வைப் பணி, அதை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியிலும் 6 மணி நேரடியாகப் பார்க்கவேண்டும். டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் இந்தக் கட்டத்துக்கென்றே இன்டர்ன் உரிமம் என்று தனியாக ஒன்று வழங்குகின்றன. யார் மேற்பார்வையாளர், என்ன ஏற்பாடு என்பதை எழுதிக் கொடுத்து, உரிமம் வாங்கிய பிறகுதான் நோயாளியைத் தொடமுடியும். 1,260 மணியில் 18 மணி நேரடிப் பார்வை என்பது நம் கணக்குக்கு மிகக் குறைவு. அவர்கள் முறையில் நாம் மதிப்பது வேறொன்றை: பயிற்சியில் இருப்பவரைச் சட்டம் பெயர் சொல்லி அறிந்திருக்கிறது, அவருக்குப் பொறுப்பானவரையும் அறிந்திருக்கிறது.

நம் சட்டம் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது. எம்.பி.பி.எஸ். தேர்வு முடித்து ஹவுஸ் சர்ஜனாக வரும் மாணவருக்கு மருத்துவக் கவுன்சில் தற்காலிகப் பதிவு தருகிறது. அவர் யார், எந்த வரம்புக்குள் வேலை செய்யலாம் என்பது பதிவில் இருக்கிறது. ஆர்.சி.ஐ. சட்டத்தில் அப்படியொரு நடுப்படி கிடையாது. பெயர் பதிவேட்டில் இருக்கிறது அல்லது இல்லை. நான்காம் ஆண்டு இன்டர்ன் அதில் இல்லை. அவர் நோயாளியின் தொண்டையைத் தொடுகிறார், குழந்தையின் மொழியை வடிக்கிறார், ஆனால் சட்டத்தின் ஏட்டில் அவருக்கு முகவரி இல்லை. பதிவில்லாதவர் தொழில் செய்தால் தண்டனை உண்டு என்கிறது அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு: ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1992இல் எழுதிய தொகை. இன்று பல தெரபி சென்டர்களில் இரண்டு செஷன் கட்டணம் அதைத் தாண்டிவிடும். பேச்சு இழந்தவரின் எதிர்காலத்துக்கு இந்த நாடு வைத்திருக்கும் விலை அவ்வளவுதான் என்றால் நாம் வெட்கப்படவேண்டும்.

ஆள் இல்லை என்பார்கள். உண்மைதான். பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளைக் கண்டறிய 2013இல் தொடங்கிய திட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திலும் ஒரு பேச்சு சிகிச்சையாளர் இருக்கவேண்டும். ஒரு மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கே சொற்பம். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் இலவசமாகச் செய்கிறார்கள். பெருமைக்குரிய காரியம். ஆனால் கருவியைப் பொருத்திய அன்று குழந்தைக்குக் கேட்கத்தான் தொடங்குகிறது. கேட்ட ஒலி சொல்லாக மாறுவதற்கு மாதக்கணக்கான தெரபி வேண்டும். அதற்கு ஆள் தேவை, நிறையத் தேவை. எனவே இன்டர்ன்களை நிறுத்தக்கூடாது, இன்னும் அதிகமாக அனுப்பவேண்டும். ஆனால் பற்றாக்குறையைக் காட்டி மேற்பார்வையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் வாதத்தை நாம் ஏற்கவில்லை. ஏழைக் குழந்தைக்குக் காது கேட்கவைக்க லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, பேசக் கற்பிக்கும் வேலையை யாரும் கவனிக்காத 21 வயதுப் பிள்ளையிடம் ஒப்படைப்பது இரண்டு பேருக்கும் செய்யும் துரோகம். பணம் உள்ளவர்கள் அனுபவசாலியைத் தேடிக்கொள்கிறார்கள். மேற்பார்வையில்லாத இன்டர்ன் எப்போதும் ஏழையின் பங்கு.

யார் குற்றவாளி என்று சொல்லிவிடுவோம். இன்டர்னின் பங்கு சிறியது. செய்யாத மணியை எழுதினால் அது அவர் பொய்தான். ஆனால் சொற்ப ஸ்டைபண்டுக்கு, பல இடங்களில் அதுவும் இல்லாமல், கான்டக்ட் சர்டிஃபிகேட் கைக்கு வரவேண்டுமே என்ற பயத்தில் இருப்பவரிடம் முழு வீரத்தையும் எதிர்பார்க்க முடியாது. கையெழுத்துப் போட்டவர் பங்கு பெரியது. தன் சி.ஆர்.ஆர். எண்ணை எழுதி, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்கிற ஒவ்வொரு முறையும் அவர் தன் தொழிலை விற்கிறார். வேலைப் பளு, நோயாளிக் கூட்டம் என்ற காரணங்கள் பாவத்தைக் குறைக்கக்கூடியவை, அழிக்கக்கூடியவை அல்ல. பார்க்க முடியவில்லை என்றால் போடமாட்டேன் என்று சொல்ல எந்தப் பளுவும் தடையில்லை. சம்பளம் கொடுக்கவேண்டிய தெரபிஸ்ட் இடத்தில் இன்டர்னை உட்காரவைத்து, பெற்றோரிடம் முழுக் கட்டணம் வாங்கி, அவரைப் பெயருக்கு முன் ‘டாக்டர்’ என்றுகூடச் சொல்லவைக்கும் நிர்வாகத்தின் பங்கு அதைவிடப் பெரியது. அது திருட்டு, பெற்றோரின் பணத்தையும் குழந்தையின் வயதையும் சேர்த்துத் திருடுவது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். மூன்று வயது திரும்பாது.

எல்லாவற்றுக்கும் மேல், இதைத் தெரிந்தும் ஆண்டுதோறும் சீட்டுகளை அனுமதித்துக்கொண்டிருக்கும் அமைப்பு இருக்கிறது. கட்டடத்தையும் கருவிகளையும் எண்ணத் தெரிந்தவர்களுக்கு மேற்பார்வையாளரின் தலைகளையும் அவர்களுடைய நாளின் மணிகளையும் எண்ணத் தெரியாதா? ஒரு கல்லூரியின் எல்லா லாக் புக்கிலும் ஒரு மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட மணிகளைக் கூட்டினால் போதும். ஒரு நாளில் அவர் 14 மணி நேரம் நேரடியாகப் பார்த்ததாகக் கணக்கு வந்தால், அங்கே சொல்லித்தருவதே நடக்கவில்லை என்பது தெரிந்துவிடும். அந்தக் கல்லூரிக்கு அடுத்த ஆண்டு சீட் கொடுக்கக் கூடாது.

இன்டர்ன்களுக்குத் தற்காலிகப் பதிவு வேண்டும். அந்தப் பதிவு ஒரு மேற்பார்வையாளரின் எண்ணோடு பிணைந்திருக்கவேண்டும். ஒரு நோயாளியின் தெரபி நேரத்தில் கால்பங்காவது நேரடியாகப் பார்க்கவேண்டும். முதல் மதிப்பீடும் விழுங்குதல் சோதனையும் முழுக்க முழுக்க மூத்தவர் முன்னிலையில்தான். திக்குவாய், குரல், குழந்தை மொழி, பக்கவாதத்துக்குப் பிந்திய சொல்லிழப்பு, விழுங்குதல், காது கேளாமை என எல்லாவற்றிலும் குறைந்தபட்ச மணி கட்டாயமாகட்டும். ஆட்டிசம் சென்டர் ஒன்றிலேயே ஆண்டு முழுவதும் கழித்தவர் நாளை பக்கவாத வார்டுக்குப் போகக் கூடாது. இன்டர்னின் சட்டையில் இன்டர்ன் என்று தமிழில் எழுதிய அட்டை இருக்கட்டும், கீழே பொறுப்பாளரின் பெயர். பெற்றோர் கட்டணம் கட்டும் முன் சி.ஆர்.ஆர். எண்ணைக் கேட்கட்டும், ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அதைச் சரிபார்க்க முடியும். கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் குழந்தையை விடவேண்டாம்.

அபராதத் தொகையை உயர்த்தவும் தற்காலிகப் பதிவைச் சட்டத்தில் சேர்க்கவும் நாடாளுமன்றம் கூடவேண்டும், அதற்கு நாளாகலாம். லாக் புக்குகளை வரவழைத்து மணிகளைக் கூட்டிப் பார்க்கவும், பொய்க் கையெழுத்துப் போட்டவரின் பதிவை விசாரணைக்கு எடுக்கவும், விழுங்குதல் சோதனைக்கு இன்டர்னைத் தனியே அனுப்பக் கூடாது என்று மருத்துவமனைகளுக்குச் சொல்லவும் கவுன்சிலின் ஒரு சுற்றறிக்கை போதும். அதை இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் அனுப்பலாம்.